மரத்த விரல்களும் கடல் சாமந்திகளும்

என்னிடம் முக்குளிப்பு (ஸ்கூபா) பயிற்சிக்கு வந்த ஒருவர், 18 மீட்டர் ஆழத்தில் நிலை தடுமாறிப் பாறையில் கையை ஊன்றினார். அவர் ஊன்றியது பாறையில் அன்று, சுருங்கிக் கிடந்த ஒரு கடல் சாமந்தியின் மீது. பாறையில் ஒட்டி வாழும், பூவைப் போலத் தோன்றும் விலங்கு அது (sea anemone). அதன் உடற்சுவரிலிருந்து மெல்லிய வெள்ளை இழைகள் வெளிவந்து நீரில் அலைந்ததை டார்ச் வெளிச்சத்தில் நான் பார்த்தேன். அவை கொட்டும் உயிரணுக்கள் நிறைந்த இழைகள். கடுமையாக நசுக்கப்படும்போது அந்த உயிர் தன்னைக் காத்துக்கொள்ள வெளியே விடுபவை. கரையேறிய பின் நான் சொல்லும்வரை அவருக்கு எதுவுமே தெரியவில்லை.

நான் பயிற்சி அளிக்கும் இடம் வான்கூவருக்கு அருகிலுள்ள ஹவ் சவுண்ட். இங்கே ஆழத்தில் ஆண்டின் பெரும்பகுதி 7 முதல் 10 டிகிரி வரையிலான குளிர்தான். நீர் நம் உடல் வெப்பத்தைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உறிஞ்சுவதால், ட்ரை சூட் எனப்படும் நீர் புகாத உடையும் தடித்த கையுறையும் இல்லாமல் இறங்க முடியாது. காற்று அடைபட்ட அந்த உடை மிதக்காமலிருக்க 12 கிலோவுக்கு மேல் ஈயம் கட்டுகிறோம். எடை கூடினால் இடுப்பு தாழ்கிறது, கால்துடுப்பு பாறையை உரசுகிறது, கிளம்பிய வண்டல் கடற்பஞ்சுகளின் மேல் படிகிறது. மரத்த விரலுக்கோ பாறைக்கும் உயிருக்கும் வேறுபாடு தெரிவதில்லை. இங்குள்ள வைட்கிளிஃப் பூங்காவின் கடற்பகுதி 1993 முதலே பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஆனாலும் அந்தப் பாதுகாப்பு நம் கால்துடுப்பைத் தடுக்காது.

வெள்ளையும் செம்மஞ்சளுமாகப் பாறைச்சுவரில் கூட்டமாக நிற்கும் இறகுச் சாமந்திகள் இங்கே ஒரு மீட்டர் உயரம் வரை வளர்கின்றன. ஓதநீரோட்டம் கொண்டுவரும் மிதவை நுண்ணுயிர்களை நூற்றுக்கணக்கான மெல்லிய உணர்விழைகளால் வடிகட்டி உண்பதால், நீர் ஓடும்போதுதான் அவை முழுமையாக விரிந்திருக்கும். தொட்டால் உடலிலுள்ள நீரை வெளியேற்றிவிட்டுச் சுருக்கம் விழுந்த கட்டியாகி விடுகின்றன. அவற்றைக் கல் என்று எண்ணிக் கை வைப்பது அந்த நிலையில்தான். இவ்வினத்தின் உறவினங்கள் எவ்வளவு காலம் வாழக்கூடும் என்பதற்கு ஸ்காட்லாந்தில் ஒரு சான்று உண்டு: இயற்கையியலாளர் ஜான் டேலியல் 1828-இல் நார்த் பெர்விக் கரையில் எடுத்து வளர்த்த ஒரு சிவப்புச் சாமந்தி, அவர் மறைந்த பின்னும் கைமாறி வாழ்ந்து 1887-இல்தான் இறந்தது. உங்கள் முழங்காலுக்கடியில் நசுங்குவது உங்களைவிட மூத்ததாகவும் இருக்கக்கூடும்.

இவற்றைக் காண விரும்புவோர் தூரம் போவதை விட்டுவிட்டு ஒரே சுவரில் கால் மணி நேரம் நிற்க வேண்டும். சிவப்பு நிறம் முதல் சில மீட்டரிலேயே மறைந்துவிடுவதால், டார்ச் இல்லாதவருக்குச் செஞ்சாமந்தி வெறும் பழுப்புக் கட்டியாகத்தான் தெரியும். ஒளியைச் சாய்வாகப் பிடித்தால் அதன் அடித்தண்டை ஒட்டி நிற்கும் கோடு போட்ட சிறு இறால் கண்ணில் படும். தோல் நட்சத்திர மீன் தீண்டியதும் ஸ்டாம்ஃபியா என்ற சாமந்தி பாறையிலிருந்து தன்னைப் பிடுங்கிக்கொண்டு உடலை இப்படியும் அப்படியும் வளைத்து நீந்தித் தப்புவதை நான் ஒருமுறை நேரில் கண்டிருக்கிறேன். நகராது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் உயிர் அது!

ஆகவே என் வேண்டுகோள், சிலிண்டர் ஏறக்குறையக் காலியான நிலையில் 5 மீட்டரில் அசையாமல் நிற்க எவ்வளவு ஈயம் போதுமோ அவ்வளவை மட்டும் கட்டுங்கள். தவளையைப் போலக் கால்களைப் பக்கவாட்டில் விரித்து உதைக்கும் தவளை உதையைக் குளத்திலேயே பழகிக்கொண்டு வாருங்கள். படம் எடுப்பதற்காகப் பாறையில் சாயாதீர்கள். விரல்கள் மரத்து, மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுப் பொத்தானை உணர்ந்து அழுத்த முடியவில்லை என்றால், இறங்கி இருபது நிமிடமே ஆகியிருந்தாலும் துணைவருக்குச் சைகை காட்டிவிட்டு முறைப்படி மேலேறத் தொடங்குங்கள். அந்த நிலையிலும் தொடர்ந்தவர்கள்தாம் பெரும்பாலும் பாறையில் கை ஊன்றுகிறார்கள்.