"அது கோயில் வேலைதானே, மிஸ்"

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பிள்ளை கணக்குப் பிரிவு வேலைக்கு வந்திருந்தாள். நேர்முகப் பரீட்சையில் முன்அனுபவம் கேட்டோம். "ஒன்றும் இல்லை, மிஸ்." எழும்பிப் போகிற நேரம், ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள் என்று சும்மாதான் கேட்டேன். வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் மூன்று வருடமாக அன்னதானக் கணக்கு எழுதுகிறாளாம். உபயகாரருக்குப் பற்றுச்சீட்டு, அரிசிக்கடை பில்லோடு ஒத்துப் பார்ப்பது, மாத முடிவில் மிச்சத்தைப் பொருளாளரிடம் ஒப்படைப்பது எல்லாம் அவள்தான். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றதற்கு வந்த பதில்தான் மேலே தலைப்பு.

சம்பளம் இல்லாதது வேலையே இல்லை என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இன்னொரு கூட்டம் நேர்மாறு. சுயவிபரக் கோவையின் கடைசிப் பக்கம் முழுக்க லியோ கழகத் தலைவர், இன்டராக்ட் செயலாளர் என்று சேவைக் கழகப் பதவிகள். பதவியைப் பார்த்து எங்களுக்கு ஒன்றும் விளங்காது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் விளங்க வேண்டும்.

2016 மே மாதம் களனி கங்கை பெருகி, கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் தண்ணீரில் கிடந்தது. பிறகொரு நாள் களஞ்சியப் பிரிவுக்கு வந்த இருவருமே அந்த வெள்ளத்தைச் சொன்னார்கள். ஒருவர் "மக்களுக்கு உதவினேன்" என்றார். இரண்டு தரம் துருவியும் அதே வசனம். மற்றவர் சொன்னது இது: "வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக் கராஜில் பொதி கட்டினோம். முதல் நாள் எல்லாரும் அரிசிதான் கொண்டுவந்தார்கள். தண்ணீர் நிற்கிற வீட்டில் எங்கே அடுப்பு மூட்டுவது? அடுத்த நாள் பிஸ்கட், தண்ணீர்ப் போத்தல், சனிட்டரி நப்கின் என்று பட்டியலை மாற்றினேன். கிராம சேவகரிடம் பேசவும் நான்தான் போனேன். என் சிங்களம் அரைகுறை, ஆனாலும் சமாளித்தேன்." அதற்குப் பிறகு அவரிடம் கேட்க எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

கூட்டிச் சொல்லவும் வேண்டாம். ஒரு தம்பி மாதாமாதம் இரத்ததானம் செய்வதாக எழுதியிருந்தார். எங்கள் குழுவில் இருந்த ஒருவர் நாரஹேன்பிட்டி இரத்த வங்கிக்கு ஒழுங்காகப் போகிறவர். இங்கே ஒருதரம் கொடுத்தால் நாலு மாதம் பொறுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஒரு வரிக்குப் பிறகு மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் வாசித்தோம்.

கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று சொல்லத் தயங்குகிறவர்கள் உண்டு. மறைக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். முகம் சுளிக்கிற மேலாளர்களும் இருக்கிறார்கள்தான். வேலையைப் பற்றி மட்டும் பேசினால் அவர்களும் கேட்பார்கள். கட்சி மேடை வேறு கதை, அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வாய்விட்டுக் கேட்காத சந்தேகம் ஒன்றும் எங்களிடம் உண்டு: இவர் திருவிழாவுக்குத் திருவிழா லீவு கேட்பாரா? "ஞாயிறு காலை மட்டும்தான்" என்று நீங்களே சொல்லிவிட்டால் அது தீர்ந்தது.

கொழும்பில் பாதி நேர்முகம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. "உபயகாரர்" என்பதற்கு ஆங்கிலம் தேடி நடுவழியில் நிற்காமல், வீட்டில் ஒருதரம் சொல்லிப் பாருங்கள். உங்கள் வேலையை நேரில் பார்த்த ஒருவரின் தொலைபேசி இலக்கமும் கையில் இருக்கட்டும். நாங்கள் உண்மையிலேயே அழைப்போம்.

அந்தப் பிள்ளையின் கோயில் பொருளாளரையும் அழைத்தேன். எல்லாம் நல்லபடி சொல்லிவிட்டுக் கடைசியில் கவலையோடு கேட்டார்: "அப்ப இனி எங்களுக்கு யார் கணக்கு எழுதுறது?"