கரைதிறன்

சாலுபிலிட்டி என்பதற்குத் தமிழில் கரைதிறன். குறிப்பிட்ட வெப்பநிலையில், குறிப்பிட்ட கரைப்பானில் ஒரு பொருள் அதிகபட்சம் எவ்வளவு கரையும் என்ற அளவு அது. ஆங்கிலச் சொல்லின் வேர், அவிழ்த்தலைக் குறிக்கும் 'சொல்வெரே' என்ற லத்தீன் வினை.

தமிழ்ச் சொல் வினைத்தொகை. இதில் 'கரை' தன்வினையாக நிற்கிறது. தானே கரைவது கரைபொருள். ஒற்று இரட்டித்துப் பிறவினையானால் கரைப்பான். 'கரைக்கும் திறன்' என்று எழுதினால் கரைபொருளை விட்டுவிட்டுக் கரைப்பானின் குணத்தைச் சொன்னதாகிவிடும். கரையுமா கரையாதா என்று மட்டும் பேச 'கரையுந்தன்மை' போதும். எண் வந்துவிட்டால் கரைதிறன்தான்.

காய்ச்சல் மருந்தான பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கிலோ தண்ணீரில் ஏறத்தாழ 17 கிராம் கரையும். அதே அளவு எத்தனாலில் 230 கிராமைத் தாண்டும். டொலுயின் என்ற கரைப்பானிலோ ஒரு கிராம்கூடக் கரையாது. அசிட்டோனும் தண்ணீரும் சரியான விகிதத்தில் கலந்தால், இரண்டிலும் தனித்தனியே கரைவதைவிட அதிகம் கரைகிறது!

அளப்பதற்கு மருந்தை வேண்டுமென்றே மிஞ்சிப் போடுவார்கள். அடியில் தூள் தங்கியிருக்க, வெப்பநிலை மாறாமல் ஒரு நாளோ இரண்டு நாளோ கலக்கினால் கிடைப்பது, இதற்குமேல் கரைக்க முடியாத தெவிட்டிய கரைசல். (நம் வேதியியல் பாடநூல்களிலேயே ருசியான கலைச்சொல் இதுதான்.) பிறகு வடிகட்டி, எவ்வளவு கரைந்தது என்று புறஊதா ஒளியிலோ, கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியிலோ பார்ப்பார்கள். வடிகட்டி கரைசலைவிடக் குளிர்ந்திருந்தால் மருந்து அங்கேயே படிந்துவிடும், எண் குறைந்துபோகும்.

எல்லா வெப்பநிலையிலும் அளந்துகொண்டிருக்க முடியாது. அதனால்தான் கணித மாதிரிகள். கரைதிறனின் மடக்கையை (log), கெல்வின் வெப்பநிலையின் தலைகீழியோடு (1/T) வரைபடமாக்கினால் பெரும்பாலும் நேர்கோடு வரும். இது வான்ட் ஹாஃப் சமன்பாடு. கோடு வளைந்தால் மூன்று மாறிலிகள் கொண்ட ஆபெல்பிளாட் சமன்பாடு கைகொடுக்கும்.

கரைவேகத்தையும் கரைதிறனையும் குழப்புபவர்கள் நிறைய. மாத்திரையைப் பொடித்தால் சீக்கிரம் கரையும். ஆனால் கரையும் உச்ச அளவு அப்படியேதான் இருக்கும். படிக வடிவம் மாறினாலோ அந்த அளவே மாறும். 1998இல் எச்ஐவி மருந்தான ரிட்டோனாவிரில் கரைதிறன் குறைந்த புதிய படிக வடிவம் தலைகாட்டியது. மூலக்கூறு அதேதான்; இருந்தும் சந்தையிலிருந்த கேப்சூல்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.