குளோன் செய்த பின் மிஞ்சும் கருப்புப் பட்டை

ஆடி மாதத்தில் முகூர்த்தம் கிடையாது. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களின் ஸ்டுடியோக்காரர்கள் டிஸ்க்கை மாற்ற என் கடைக்கு வருவது பெரும்பாலும் அப்போதுதான். அப்படி உசிலம்பட்டியிலிருந்து வந்தவர் மஞ்சள் பையிலிருந்து இரண்டு டிஸ்க்குகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று 500 ஜிபி பழைய ஹார்ட் டிஸ்க். மற்றது சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் புதிய வகை டிஸ்க்: 1 டிபி எஸ்எஸ்டி. "அண்ணே, ஏழு வருஷத்துக் கல்யாணப் படங்கள். இப்போது இரண்டிலும் இல்லை" என்றார். குரல் உடைந்திருந்தது.

குளோனை, அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் நகலெடுப்பதை, அவரே சரியாகத்தான் செய்திருந்தார். பழைய டிஸ்க்கில் இருந்த பகிர்வுகள் ('சி', 'டி' என்று பிரித்த பாகங்கள்) அதே அளவில் புதியதில் வந்து உட்கார்ந்தன. விண்டோஸ் கணக்கில் 1 டிபி என்பது 931 ஜிபி. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது. வேறு குறை ஒன்றுமில்லை. அதில் 465 ஜிபி நிறைந்துபோக, மற்ற பாதி, பகிர்வுகளைக் காட்டும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் கருப்புப் பட்டையுடன் 'அன்அலோகேட்டட்' (எந்தப் பகிர்வுக்கும் ஒதுக்காத இடம்) என்று நின்றது. அதை 'சி'யோடு சேர்க்கப் பார்த்தார். பகிர்வைப் பெரிதாக்கும் 'எக்ஸ்டென்ட் வால்யூம்' சொடுக்க முடியாமல் மங்கிக் கிடந்தது. நடுவில் படங்கள் இருந்த 'டி'.

விண்டோஸுக்கு வலப்பக்கம் ஒட்டியிருக்கும் காலி இடத்தை மட்டுமே சேர்க்கத் தெரியும். நடுவே வாய்க்கால் ஓடினால் அக்கரைத் தரிசை நம் வயலோடு சேர்த்து உழ முடியாதல்லவா, அப்படி.

பழைய டிஸ்க்கில் பிரதி இருக்கிற தைரியத்தில், புதியதன் 'டி'யை நீக்கிவிட முடிவு செய்தார். ஆனால் இரண்டு டிஸ்க்கும் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தன. இரண்டிலும் ஒரே பெயர், ஒரே அளவு. அவர் நீக்கியது பழையதில் இருந்ததை. 'எக்ஸ்டென்ட்' அப்போதும் மங்கலாகவே இருக்க, சரியாக நீங்கவில்லை என்று நினைத்து மற்றதையும் நீக்கினார்.

எஸ்எஸ்டியில் தேடி எதுவும் கிடைக்கவில்லை. 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று விண்டோஸ் சொல்லும் ட்ரிம் கட்டளை போய்விட்டால், நீக்கிய இடத்தை எஸ்எஸ்டி தானே துடைத்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்தான் காப்பாற்றியது. பகிர்வை நீக்கும்போது, எந்தப் பகிர்வு எங்கே என்று டிஸ்க் குறித்துவைக்கும் அட்டவணையில் உள்ள பதிவுதான் போகிறது. மேலே எதையும் எழுதாதவரை படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். அவர் நல்லவேளையாக அதை ஃபார்மேட் செய்யவில்லை. முழு டிஸ்க்கையும் வேறொன்றில் நகலெடுத்துக்கொண்டு, டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருள் மூலம் அந்தப் பதிவைத் திரும்ப எழுதினேன். மாலைக்குள் எல்லாப் படங்களும் திறந்தன.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்: அவருக்கு இடம் தேவைப்பட்டது படங்களுக்கு. கருப்புப் பட்டை 'டி'யை ஒட்டியே இருந்தது. 'டி'யை வலது சொடுக்கி 'எக்ஸ்டென்ட்' கொடுத்திருந்தால் ஒரு நிமிட வேலை. அல்லது அந்த இடத்தில் 'நியூ சிம்பிள் வால்யூம்' என்று தனி டிரைவ் ஒன்று போட்டிருக்கலாம். ஏற்கெனவே உள்ள எதையும் தொட வேண்டியதில்லை. நான் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறேன்.

'சி'க்குத்தான் இடம் வேண்டும், நடுவில் இருப்பது விண்டோஸைப் பழுதுபார்க்க வைத்திருக்கும் சிறிய ரெக்கவரி பகிர்வு என்றால், ஜிபார்ட்டட் போன்ற கருவியால் அதைக் கடைசிக்கு நகர்த்தலாம். டிஸ்க்கில் உள்ளதை மறையாக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். பகிர்வு நகரும்போது மின்சாரம் போனால் மீட்பது பெரும்பாடு. யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். உங்கள் பகுதியில் மின்தடை அறிவித்த நாளில் வேண்டவே வேண்டாம்.

பழைய கம்ப்யூட்டர்களில் பகிர்வு அட்டவணையை எழுதும் எம்பிஆர் முறையில் நான்கு முதன்மைப் பகிர்வுகளுக்கு மேல் இடமில்லை. 2 டிபிக்கு மேற்பட்ட இடமும் கணக்கில் வராது. நான்கும் நிறைந்திருக்கும்போது ஐந்தாவது உருவாக்க முயன்றால், 'டைனமிக் டிஸ்க்' என்ற வேறு அமைப்புக்கு மாற்றட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். அங்கே 'நோ' சொல்லுங்கள். மாற்றிவிட்டால், பழைய நிலைக்குத் திரும்ப எல்லாப் பகிர்வுகளையும் அழிக்கச் சொல்லும்.

எந்த வழியானாலும், குளோன் முடிந்து புதிய டிஸ்க்கில் கம்ப்யூட்டர் ஒழுங்காகத் திறந்ததும் பழையதைக் கழற்றிவிடுங்கள். அதன் பிறகு கருப்புப் பட்டைக்கு வாருங்கள். உசிலம்பட்டிக்காரரின் பழைய டிஸ்க்கில் மார்க்கரால் தேதி எழுதிக் கொடுத்தேன். ஆவணி முகூர்த்தங்கள் முடியும்வரை அது பீரோவிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.