குலுக்கல் நின்றுபோகும் வேகம்

பாலைவன மண் சாலைகளில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பதும், அந்தச் சாலைகளில் மாட்டிக்கொண்ட வண்டிகளை இழுத்துக்கொண்டு வருவதும்தான் என் வேலை. இரண்டையும் செய்வதால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. மாட்டிக்கொள்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள், நெடுஞ்சாலையில் பத்துப் பதினைந்து வருடம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர்கள். தார் ரோட்டில் சரியாக இருந்த பழக்கம் மண் ரோட்டில் தப்பாகிவிடுகிறது, அதை யாரும் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருப்பதில்லை.

வரைபடத்தைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். யாரும் இல்லாத ஒரு விரிகுடா, அதுவரைக்கும் போகிற ஒரு மெல்லிய கோடு. 80 கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று மனசு கணக்குப் போடும். கரடுமுரடான பாலைவனச் சாலையில் 80 கிலோமீட்டர் என்பது மூன்றரை மணி நேரம், சில இடங்களில் ஐந்து மணி நேரம். இந்த ஒரு கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டால் மற்ற தப்புகள் பாதிக்கு மேல் நடக்கவே நடக்காது, ஏனென்றால் அவசரம்தான் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வருகிறது.

சாலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். தகரக் கொட்டகையின் கூரையைக் கழற்றித் தரையில் விரித்தால் எப்படி இருக்குமோ அப்படி, சாலைக்குக் குறுக்கே வரி வரியாக மேடும் பள்ளமும், கிலோமீட்டர் கணக்கில். இது ஏதோ சாலை போட்டவர்கள் செய்த தப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நம் சக்கரங்கள்தான் இதை உண்டாக்குகின்றன. 2007-இல் இயற்பியலாளர்கள் மணல் பரப்பிய ஒரு சுழலும் மேசையின் மேல் சிறிய சக்கரத்தை ஓடவிட்டுப் பார்த்தார்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்துக்குக் கீழே மணல் சமமாகவே இருந்தது, அதைத் தாண்டியதும் வரிகள் தானாக எழுந்தன, ஸ்பிரிங்கே இல்லாத சக்கரத்திலும்கூட. நிஜச் சாலையில் அந்த எல்லை நடை வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அதனால் எத்தனை தடவை சமப்படுத்தினாலும், வண்டிகள் ஓட ஓட வரிகள் திரும்ப வந்துவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த வரிகளின் மேல் மணிக்கு 30, 40 கிலோமீட்டரில் போனால் பல் கிட்டித்துப்போகும் அளவுக்குக் குலுங்கும். டாஷ்போர்டு கடகடவென்று ஆடும், பேசினால் குரல் நடுங்கும். அப்புறம் யாரோ சொன்னது ஞாபகம் வரும்: "வேகத்தைக் கூட்டுங்க, குலுக்கல் நின்னுடும்." கூட்டினால் 70, 80 வாக்கில் நிஜமாகவே நின்றுவிடும். வண்டி மிதப்பதுபோல இருக்கும், பின்சீட்டில் இருக்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

ஏன் நின்றது என்று யோசியுங்கள். டயர் பள்ளத்தில் இறங்கவே நேரமில்லாமல் ஒரு மேட்டின் உச்சியிலிருந்து அடுத்த மேட்டின் உச்சிக்குத் தாவிப் போகிறது. அதாவது பாதி நேரம் டயர் தரையைத் தொடவே இல்லை. தரையைத் தொடாத டயரால் பிரேக் பிடிக்க முடியாது, திரும்பவும் முடியாது. நேராகப் போகும்வரை இது தெரியாது, வளைவு வரும்போதுதான் தெரியும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். தளர்ந்த சரளையில் ஏபிஎஸ் வண்டியை நிறுத்தும் தூரத்தைக் கூட்டத்தான் செய்யும், குறைக்காது.

ஒரு மீட்புக்குப் போனபோது வண்டியைப் பார்க்கும் முன் தடத்தைப் பார்த்தேன். அந்த இடத்தில் வளைவு என்றுகூடச் சொல்ல முடியாது, சாலை லேசாக வலப்பக்கம் ஒதுங்குகிறது, அவ்வளவுதான். தடம் ஒரு நூறு அடிக்கு நூல் பிடித்ததுபோல நேராக வந்து, வளைவில் திரும்பாமல் இடதுபக்க ஓரத்து மணல் குவியலில் ஏறியிருந்தது. அங்கிருந்து வலது பக்கம் ஒரு வெட்டு, திரும்ப இடது பக்கம் இன்னும் ஆழமாக ஒரு வெட்டு, அப்புறம் டயர் தடமே இல்லை, தகடு உரசிய அகலமான கோடு மட்டும். வண்டி பக்கவாட்டில் கிடந்தது. முன்னால் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருந்ததால் சிராய்ப்போடு தப்பினார்கள். பின்சீட்டில் பெல்ட்டை அவிழ்த்துவிட்டுத் தூங்கிய பையனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. ஓட்டியவர் திரும்பத் திரும்ப ஒன்றே சொன்னார்: "ரோடு நல்லா ஸ்மூத்தா இருந்துச்சு சார்."

மணல் ஓரத்தில் சக்கரம் ஏறிவிட்டால் ஸ்டியரிங்கை வெட்டக்கூடாது, பிரேக்கையும் அழுத்தக்கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாக இறங்கிய பிறகு மெதுவாக உள்ளே கொண்டுவாருங்கள். சொல்வது சுலபம், கை அந்த நேரத்தில் கேட்காது. அதனால்தான் அந்த நிலைமைக்கே போகாத வேகம் வேண்டும் என்கிறேன்.

அப்படியானால் குலுக்கலுக்கு என்ன வழி? டயரில் காற்றைக் குறைப்பதுதான். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் 35 பி.எஸ்.ஐ. என்று இருந்தால், மண் சாலை தொடங்கும் இடத்தில் இறங்கி 26 முதல் 28 வரை குறையுங்கள். டயர் தரையில் நீளமாகப் படியும், கூரான கல் மேல் ஏறினால் அதைச் சுற்றி மடங்கிக்கொடுக்கும், சிறிய அதிர்ச்சியை ஸ்பிரிங்குக்கு முன்னாலேயே டயர் வாங்கிக்கொள்ளும். ஆழமான மணல் வந்தால் 16, 18 வரை இறங்கலாம். புதைந்தே போனால் 12 வரை இறங்கி மெதுவாக வெளியே வாருங்கள், ஆனால் அந்தக் காற்றில் வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். எண்கள் வண்டிக்கும் பாரத்துக்கும் தகுந்தபடி கொஞ்சம் மாறும், அதனால் காற்று அளக்கும் கேஜ் இல்லாமல் கிளம்பவே வேண்டாம்.

காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும், இரண்டும் ஒரே பேச்சு. காற்று குறைந்த டயரின் பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்கிறது, வேகம் கூடினால் அந்த மடிப்பிலேயே சூடேறிக் கிழிந்துவிடும். நான் சொல்லும் வரம்பு மண் சாலையில் 50, 60. மணலில் அதற்கும் கீழே.

பஞ்சர் ஒட்டும் கிட் இருக்கிறது என்று தைரியமாக வருகிறவர்கள் உண்டு. அது டயரின் தரையைத் தொடும் பகுதியில் ஆணி குத்தினால் உதவும். பாலைவனத்தில் கல் பக்கவாட்டுச் சுவரைத்தான் கீறும், அதற்கு ஸ்டெப்னி ஒன்றுதான் வழி. தூரம் அதிகம் என்றால் இரண்டு ஸ்டெப்னி. ஜாக்கியின் அடியில் வைக்க ஒரு தடித்த பலகையும் வேண்டும், இல்லாவிட்டால் வண்டி மேலே ஏறாது, ஜாக்கிதான் மணலுக்குள் இறங்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டு வாசலிலேயே ஒரு தடவை ஸ்டெப்னியை மாட்டிப் பாருங்கள். வீல் ஸ்பேனர் எங்கே இருக்கிறது என்று நடு வெயிலில் தேடிய எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். பயிற்சியில் நான் எல்லாரையும் குனியவைத்து உள்ளே பார்க்கச் சொல்வேன். உள்ளங்கையால் பிடிக்காதீர்கள், புறங்கையை அருகில் கொண்டுபோனாலே போதும், இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்ததுபோல அனல் அடிக்கும். இடைவிடாத குலுக்கலில் உள்ளே இருக்கும் எண்ணெய் சூடாகி நுரைத்துப்போகிறது, நுரைத்த எண்ணெயால் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்க முடியாது. வண்டி படகுபோல ஊசலாட ஆரம்பித்தால் அதுதான் காரணம். கால் மணி நேரம் நின்றால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அதன் உடம்பில் புழுதி ஈரமாகச் சேறுபோல அப்பியிருந்தால் எண்ணெய் கசிகிறது என்று அர்த்தம், அப்புறம் மீதித் தூரமும் நடை வேகம்தான். அதே நிறுத்தத்தில் சக்கர நட்டுகளையும் பாருங்கள். நட்டிலிருந்து ரிம்முக்கு வெள்ளை பெயின்டால் ஒரு கோடு இழுத்து வைத்தால் போதும். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது.

கடல் நெருங்கும்போது சாலை வேறு மாதிரி ஆகும், பாலைவனம் நன்றாகப் பழகியவர்கள்கூட ஏமாறும் இடம் இது. அரேபியக் கடற்கரைகளில் சப்கா என்று ஒரு நிலம் உண்டு. மேலே உப்புப் பொருக்கு, பார்த்தால் காய்ந்து கெட்டியாக, மைதானம்போலச் சமமாக இருக்கும், அடியில் சேறு. பொருக்கு உடைந்தால் வண்டி அச்சுவரை இறங்கிவிடும், மணலில் புதைந்ததைப்போல இதைத் தோண்டி எடுக்க முடியாது, தோண்டிய குழியில் உப்புத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். குறுக்கு வழி என்று பழைய தடத்தை விட்டு விலகாதீர்கள். நமீபியாவின் கடற்கரையில் உப்பும் ஜிப்சமும் கலந்து கெட்டித்த சாலைகள் உண்டு, காய்ந்திருக்கும்போது தார் ரோடு மாதிரியே ஓடலாம். ஆனால் அங்கே குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்தால் அடிக்கடி கடல் பக்கமிருந்து மூடுபனி வரும், பனி பட்ட சாலை சோப்பு தேய்த்ததுபோல வழுக்கும். பாலைவனம்தானே, ஈரம் எங்கே இருக்கப்போகிறது என்ற எண்ணத்தோடு அங்கே ஓட்டாதீர்கள்.

கரையில் வண்டியை நிறுத்துவதற்கு முன் ஓதத்தை, அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பாருங்கள். பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையில் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். கலிஃபோர்னியா வளைகுடாவின் வடக்கு முனையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் 5 மீட்டரைத் தாண்டும். மதியம் நீங்கள் கூடாரம் அடித்த இடம் இரவில் கடலுக்குள் இருக்கலாம். மணலில் காய்ந்த கடற்பாசியும் குச்சிகளும் வரிசையாக ஒதுங்கியிருக்கும் கோட்டைப் பாருங்கள், அதற்கும் மேலே போய் நிறுத்துங்கள். காய்ந்த ஆற்றுப் படுகையிலும் நிறுத்தாதீர்கள். மழை உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டும் என்று அவசியமில்லை, தூரத்து மலையில் பெய்தால் போதும். ஓடுகிற தண்ணீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சின்ன காரைத் தள்ளிவிடும், 60 இருந்தால் பெரிய வண்டியையும் அடித்துக்கொண்டு போகும்.

தண்ணீர், பெட்ரோல் பற்றி எல்லாருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மணலில் எரிபொருள் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை குடிக்கும். தண்ணீர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 6 லிட்டருக்குக் குறையாமல், போகிற நாட்களுக்கு மேல் இரண்டு நாளுக்குக் கூடுதலாக. எல்லாவற்றையும் ஒரே கேனில் வைக்காதீர்கள். குலுக்கலில் கேனின் அடி ஏதோ ஒரு போல்ட்டில் உரசி உரசி ஓட்டையாகியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன், பின்சீட்டுக் கம்பளம் நனைந்திருந்ததைப் பார்த்துத்தான் அவர்களுக்கே தெரிந்தது. கிளம்பும் முன் வீட்டில் ஒருவரிடம் எந்த வழியாகப் போகிறீர்கள், எந்த நாள் எத்தனை மணிக்குள் போன் வரவில்லை என்றால் அவர் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். போன் டவர் இருக்காது, சாட்டிலைட் மூலம் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மேலிருந்து தேடுகிறவர்களுக்கு வண்டி தெரியும், மனிதன் தெரியமாட்டான். வண்டி நிழல் தரும், தண்ணீர் அங்கேதான் இருக்கும். உதவி கேட்க மதியம் 12 மணிக்கு ஒரு பாட்டிலோடு நடந்துபோனவரைச் சாயங்காலம் ஒரு புதர் ஓரத்தில் உட்கார்ந்த நிலையில் கண்டுபிடித்தோம். சட்டையைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தார். பேர் கேட்டால் பதில் சம்பந்தமில்லாமல் வந்தது. உடம்பு வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மூளை இப்படித்தான் குழம்பும், அந்த நிலைமையில் இருக்கிறவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும், உடனே, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல். அவர் பிழைத்துக்கொண்டார். அவர் மனைவி வண்டியின் நிழலிலேயே இருந்தார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

வேறொரு வண்டி வந்து இழுத்துவிடும்போதும் ஒரு எச்சரிக்கை. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றைக் கட்டவே கட்டாதீர்கள். அது இழுவையில் உடைந்தால் குண்டுபோலப் பறந்து கண்ணாடியைத் துளைத்து உள்ளே போகும், இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. வண்டியின் சட்டத்தில் இதற்கென்றே இருக்கும் கொக்கியில் மாட்டி, கயிற்றின் நடுவில் ஒரு கனத்த போர்வையைப் போட்டு, மற்றவர்களைக் கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்காவது தள்ளி நிற்கவைத்துவிட்டு இழுங்கள்.

திரும்பும் நாள் காலையில், மூட்டை கட்டும் முன், வந்தபோது பார்த்ததையெல்லாம் இன்னொரு தடவை பாருங்கள்: நட்டு, ஷாக், டயரின் உள்பக்கச் சுவர், ஏர் ஃபில்டரில் புழுதி. வண்டி அந்தச் சாலையை ஏற்கெனவே ஒரு தடவை தாங்கியிருக்கிறது. நீங்களும் களைத்திருப்பீர்கள், வழி தெரிந்துவிட்டது என்ற தைரியமும் சேர்ந்திருக்கும், வேகம் தானாக ஏறும். எனக்கு வரும் அழைப்புகளில் அதிகமானவை திரும்பும் வழியிலிருந்துதான். விடிந்ததும் கிளம்பிவிடுங்கள், இருட்டில் அந்தச் சாலை வேண்டாம்.

அப்புறம் தார் ரோடு வரும். குலுக்கல் சட்டென்று நிற்கும், போனில் டவர் வந்து செய்திகள் வரிசையாக விழ ஆரம்பிக்கும், எல்லாருக்கும் பசி. அந்த இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, கம்ப்ரெஸரை எடுத்து, நான்கு டயரையும் பழையபடி 35-க்கு ஏற்றுங்கள். சின்ன கம்ப்ரெஸராக இருந்தால் அரை மணி நேரம் ஆகும். 26-இல் விட்ட டயரோடு 100 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பியவர்களை அந்த இடத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே போய் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன், பாலைவனம் முழுவதையும் பத்திரமாகத் தாண்டி வந்த பிறகு.