டீசல் கார் வாங்கும் முன் உங்கள் ஓட்டம் எது என்று பாருங்கள்

"அண்ணாச்சி, டீசல் எடுக்கலாமா, பெட்ரோல் எடுக்கலாமா?" புது கார் வாங்கப் போகிறவர்கள் ஒர்க்‌ஷாப்பில் வந்து கேட்பது பெரும்பாலும் இதைத்தான். நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: வண்டி எங்கே ஓடப் போகிறது? பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் இடையில் என்றால் ஒரு பதில். வாரா வாரம் மதுரை, நடுவில் சென்னை என்றால் வேறு பதில். சிலருக்கு இப்படிக் கேட்பது பிடிப்பதில்லை. பவரும் உண்டு, மைலேஜும் உண்டு என்று கம்பெனிக்காரனே சொல்கிறானே, இவர் என்ன ஊர் விசாரிக்கிறார் என்று முகத்தைச் சுளிப்பார்கள். கம்பெனி சொல்வது பொய் இல்லை. ஆனால் அந்த இரண்டும் ஒன்றாகக் கிடைப்பதற்கு வண்டிக்கு ஒரு குறிப்பிட்ட ஓட்டம் வேண்டும். அது கிடைக்காத வண்டிகள்தான் என்னிடம் வந்து நிற்கின்றன.

முதலில் புது டீசலின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். பழைய அம்பாசடர் டீசலில் இருந்தது 1489 சிசி இன்ஜின், சுமார் 37 குதிரைத்திறன். இன்றைய க்ரெட்டாவிலும் செல்டோஸிலும் வருகிற டீசல் இன்ஜின் 1493 சிசி. அளவில் நாலு சிசிதான் வித்தியாசம். திறனோ 115 குதிரைத்திறனை ஒட்டி வருகிறது, அதாவது மூன்று மடங்கு. 250 நியூட்டன் மீட்டர் இழுவிசையை 1500 ஆர்பிஎம்மிலேயே, அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும்போதே, கொடுத்துவிடுகிறது. இவ்வளவுக்கும் டீசலைக் குறைவாகத்தான் குடிக்கிறது.

இது எப்படிச் சாத்தியமானது? முதல் காரணம் காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கும் ஒரே பொதுக் குழாய். பழைய பம்ப் டீசலை நாசிலுக்குத் தள்ளும், நாசில் பீய்ச்சும், அவ்வளவுதான். காமன் ரெயிலில் 1600 முதல் 2000 பார் வரை அழுத்தத்தில் டீசல் எப்போதும் தயாராக நிற்கிறது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பாரை ஒட்டித்தான் இருக்கும், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் சொல்லும் நொடியில், சொல்லும் அளவு, ஒரே சுற்றுக்குள் பல தவணைகளாக இன்ஜெக்டர் பீய்ச்சும். துளி நுணுக்கமாகச் சிதறுவதால் டீசல் முழுசாக எரிகிறது, பழைய டீசலின் 'கடகட' சத்தமும் குறைகிறது.

இரண்டாவது காரணம் டர்போ, அதாவது வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி. அதிலும் இறக்கைகளைத் திருப்பிக்கொள்ளும் வகை டர்போ. குழாய் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீறிட்டு அடிக்குமே, அதே கதைதான். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது டர்போவுக்குள் புகை போகும் வழி குறுகிக்கொள்கிறது. அதனால் குறைந்த புகையிலும் டர்போ வேகமாகச் சுற்றும். பழைய 1.3 லிட்டர் மல்டிஜெட்டை ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். மாருதி, டாட்டா, ஃபியட் என்று ஆளாளுக்கு அந்த இன்ஜினைப் போட்டதால் 'தேசிய இன்ஜின்' என்றே அதற்குப் பெயர். நல்ல இன்ஜின்தான், ஆனால் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே தூங்கும், தாண்டினால் திடீரென்று பாயும். புது வண்டிகளில் அந்தத் தூக்கம் ரொம்பக் குறைந்துவிட்டது.

இது வரைக்கும் பவருக்கும் மைலேஜுக்கும் நடுவில்தான் பஞ்சாயத்து. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் மூன்றாவதாகப் புகை உள்ளே நுழைந்தது. டீசல் காரின் புகைக்கரி அளவு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமுக்கு இறங்க வேண்டும். நைட்ரஜன் ஆக்சைடு 250 மில்லிகிராமிலிருந்து 80க்கு வர வேண்டும். இதில் சிக்கல் என்னவென்றால், எரிப்பு அறையில் சூடு அதிகமானால் மைலேஜ் நன்றாக இருக்கும், ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு கூடும். சூட்டைக் குறைக்க இஜிஆர் வால்வு வழியாகக் கொஞ்சம் புகையைத் திரும்ப உள்ளே விட்டால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும், கரி கூடும். ஒன்றை அமுக்கினால் இன்னொன்று எழும்பும். அதனால் கரியைப் பிடிக்க டிபிஎஃப் என்னும் வடிகட்டி வந்தது. நைட்ரஜன் ஆக்சைடைப் பிடிக்கச் சில வண்டிகளில் கேட்டலிஸ்ட் என்னும் வினையூக்கி மட்டும், சில வண்டிகளில் அதோடு ஆட்ப்ளூ என்னும் யூரியாக் கரைசல் ஊற்றும் டேங்கும். இந்தச் செலவு கட்டுப்படியாகாது என்றுதான் மாருதி டீசலையே கைவிட்டது.

நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி அந்த டிபிஎஃப்தான். அது சைலன்சர் பாதையில் இருக்கும் பீங்கான் வடிகட்டி. உள்ளே பொடிப் பொடியாக ஓட்டைகள். கரி அதில் தேங்கும். தேங்கிய கரியை வண்டியே அவ்வப்போது எரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு வடிகட்டிக்குள் ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். கம்ப்யூட்டர் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சி அந்தச் சூட்டை உண்டாக்கும். வண்டி நல்ல வேகத்தில் பதினைந்து, இருபது நிமிடம் நிற்காமல் ஓடினால் வேலை முடிந்துவிடும். பாதியில் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால் எரிப்பும் பாதியில் நிற்கும். மறுநாள் மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி நிற்கும்.

பெருமாள்புரத்தில் ஒரு ஆசிரியர். வீட்டுக்கும் பள்ளிக்கும் நாலு கிலோமீட்டர். காலையில் போவார், சாயங்காலம் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை மகாராஜநகர் உழவர் சந்தை. நல்ல பெரிய டீசல் எஸ்யூவி. மஞ்சள் விளக்கு எரிகிறது என்று கொண்டுவந்தார். "புகையே விடலியே அண்ணாச்சி, ஊருக்குள்ள நாலு கிலோமீட்டர்தான் ஓட்டுதேன், இதுல என்னத்த அடைக்கும்?" என்று கேட்டார். நான் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகுவதற்கு முன் ஆயில் கேஜை உருவிக் காட்டினேன். துணியில் துடைத்துவிட்டு மறுபடி செருகி எடுத்தால், மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரற்கடை ஈரம். தொட்டால் ஆயிலின் வழவழப்பு இல்லை, தண்ணியாக ஓடுகிறது. முகர்ந்து பார்க்கச் சொன்னேன். "டீசல் வாடைல்லா அடிக்கி!" என்றார்.

கரியை எரிக்கப் பீய்ச்சிய டீசல்தான் அது. எரிப்பு பாதியிலேயே நின்றுபோவதால் மிச்சம் சிலிண்டர் சுவர் வழியாக வடிந்து ஆயிலோடு கலந்திருந்தது. ஆயில் குறைந்தால்தான் பலருக்கும் பயம், கூடினால் 'நல்லாத்தானே இருக்கு' என்று விட்டுவிடுவார்கள். டீசல் கலந்து நீர்த்த ஆயில் டர்போவின் பேரிங்கையும் கிராங்க் பேரிங்கையும் தின்றுவிடும். கேஜில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

சாருக்கு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஸ்கேனர் மூலமாக வடிகட்டியை எரித்துக் கொடுத்தோம். அப்புறம் சொன்னேன்: பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை நான்குவழிச் சாலையில் ஏறி நாங்குநேரி வரை போய்த் திரும்புங்கள். ஒரு கியர் குறைத்து, ஆர்பிஎம் 2000க்கு மேல் இருக்கட்டும். ஸ்டார்ட்டில் நிற்கும்போது ஆர்பிஎம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தாலோ, திடீரென்று மைலேஜ் மீட்டர் இறங்கினாலோ, சூட்டு வாடை வந்தாலோ, எரிப்பு நடக்கிறது என்று அர்த்தம். அப்போது வீட்டு வாசல் வந்துவிட்டது என்று அணைக்காமல் இன்னும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள்.

கேட்டுவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டார்: "டீசல மிச்சம் பிடிக்க டீசல் வண்டி வாங்கி, அதக் காப்பாத்த டீசல எரிச்சிக்கிட்டு நாங்குநேரி போகவா?" நியாயமான கேள்வி. நாலு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அவருக்கு டீசலே தேவை இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம்.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. பெட்ரோல் விலை 2010இலும் டீசல் விலை 2014 அக்டோபரிலும் அரசின் பிடியிலிருந்து விடுபட்டன. அதற்கு முன் இருந்த பெரிய விலை வித்தியாசம் இப்போது லிட்டருக்கு எட்டு ரூபாயை ஒட்டிச் சுருங்கிவிட்டது. ஒரே மாடலில் பெட்ரோல் வண்டி 15 கிலோமீட்டர், டீசல் 19 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு மிச்சம் ஒரு ரூபாய் எண்பது காசு சொச்சம். டீசல் வண்டிக்கு ஒன்றேகால் லட்சம் கூடக் கொடுத்திருந்தால், அந்தப் பணம் திரும்ப ஏறக்குறைய 68,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகும். மாதம் 2000 ஓட்டும் வியாபாரிக்கு மூன்று வருஷம்கூட ஆகாது. வள்ளியூரிலிருந்து மதுரைக்கு அடிக்கடி போய்வருகிறவர் கண்ணை மூடிக்கொண்டு டீசல் எடுக்கலாம். வடிகட்டியைப் பற்றி அவர் யோசிக்கவே வேண்டாம், சாலையே அதைப் பார்த்துக்கொள்ளும்.

நெடுஞ்சாலையில் ஓட்டியும் சொன்ன மைலேஜ் வரவில்லை என்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். கம்பெனி போடும் மைலேஜ், ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை ஓட்டி எடுப்பது. அதில் உச்ச வேகமே 90தான், எதிர்காற்றும் கிடையாது. நமக்கோ ஆடி மாதம் காவல்கிணறு தாண்டினால் ஆரல்வாய்மொழிக் காற்று. காற்றாலை சுழலும் அளவுக்கு அடிக்கிற காற்றை கார் மட்டும் சும்மா கிழித்துக்கொண்டு போகுமா? 90இல் போகும் வண்டிக்கு 30 கிலோமீட்டர் எதிர்காற்று இருந்தால், காற்றைப் பொறுத்தவரை அது 120இல் போகும் வண்டி. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் முக்கால் மடங்குக்கும் மேல் கூடிவிடும். திரும்பி வரும்போது காற்று முதுகைத் தள்ளுமே, சரியாகிவிடாதா என்றால், முழுசாக ஆகாது. போகும்போது ஏறிய அளவுக்கு வரும்போது இறங்காது. உயரமான எஸ்யூவிகளுக்கு இந்த இழப்பு இன்னும் கூடுதல். ஆடியில் நாகர்கோவில் போய்வந்துவிட்டு இன்ஜெக்டரைச் சந்தேகப்பட்டு என்னிடம் வராதீர்கள்.

இன்னொன்று கியர். மேல் கியரில் போட்டால் மைலேஜ் கிடைக்கும் என்று 45, 50 வேகத்திலேயே ஆறாவது கியருக்குப் போய்விடுகிறார்கள். ஆர்பிஎம் ஆயிரத்தை ஒட்டித் திணறும்போது மிதித்தால் இன்ஜின் டீசலைக் கொட்டும், கரியும் சேரும். புது டீசல்களில் பெரும்பாலும் 1500க்கும் 2500க்கும் நடுவில்தான் முழு இழுவை. அந்த இடத்தில் வைத்து ஓட்டினால் பவரும் மைலேஜும் ஒரே நேரத்தில் கிடைக்கும். ஆரியங்காவு இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுகிற பழக்கமும் வேண்டாம். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் புது இன்ஜின் டீசலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் குடிக்கும், பிரேக்கும் காயும்.

ரீமேப் பற்றி இளவட்டங்கள் கேட்கிறார்கள். கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றினால் இழுவை கூடும், உண்மைதான். கூடவே டிபிஎஃப்பைக் கழற்றிக் கடாசிவிடுவதும் நடக்கிறது. கிளட்சும் டர்போவும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வாரண்டி போய்விடும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கும் விரோதம். என் கடையில் செய்வதில்லை.

ஆட்ப்ளூ ஊற்றும் வண்டி வைத்திருக்கும் விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. அது 32.5 சதவீத யூரியாக் கரைசல் என்று தெரிந்ததும், சேரன்மகாதேவிப் பக்கத்து ஒருவர், "வீட்டுல யூரியா மூட்டையே கெடக்கு, கலக்கிக்கிட்டா போச்சு" என்றார். வேண்டவே வேண்டாம். நம் வயலுக்கு வருவது வேப்பெண்ணெய் பூசிய யூரியா. அந்த எண்ணெயும் கிணற்றுத் தண்ணீரின் உப்பும் கேட்டலிஸ்டைக் கெடுத்துவிடும். டிராக்டருக்கு வாங்கிக் கேனில் வைத்திருக்கும் டீசலையும் காரில் ஊற்றாதீர்கள். அடியில் நிற்கும் துளித் தண்ணீரும் தூசியும் போதும், 2000 பார் அழுத்தத்தில் வேலை செய்யும் பம்பையும் இன்ஜெக்டரையும் தீர்த்துவிடும்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு: டெல்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசலை ஓட்டக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவு போட்டதிலிருந்து, அங்கத்து வண்டிகள் மலிவாக இங்கே வருகின்றன. அவை பழைய பிஎஸ் 4, பிஎஸ் 3 வண்டிகள், இங்கே சொன்ன வடிகட்டித் தொல்லை பெரும்பாலும் இருக்காது. என்ஓசியும் நம் மாநில வரியும் சேர்த்துக் கணக்குப் போட்டபின் மலிவுதானா என்று பாருங்கள். பிஎஸ் 6 பழைய வண்டி என்றால் ஸ்கேனரில் கரி அளவையும், கடைசியாக எரிப்பு முடிந்து எத்தனை கிலோமீட்டர் ஆகிறது என்பதையும் கேட்டு வாங்குங்கள். ஸ்கேனர் இல்லாத இடத்தில், இன்ஜின் ஆறியிருக்கும்போது சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வடிகட்டி சரியாக இருந்தால் விரலில் லேசான தூசிதான் ஒட்டும். மை போலக் கறுப்பாக ஒட்டினால் வடிகட்டி உடைந்திருக்கிறது, இல்லை யாரோ கழற்றியிருக்கிறார்கள். விலை எவ்வளவு குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.