அமெரிக்க வரியும் வேலம்பாளையத்துத் தையல் கூலியும்

"தொண்ணூறு நாளாச்சுங்க சார். கேட்டா அமெரிக்கா வரிங்கிறாங்க."

திருப்பூர் வேலம்பாளையத்தில் பன்னிரண்டு மெஷின் போட்டுப் பவர் டேபிள் (ஏற்றுமதி கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்) நடத்தும் அக்கா ஒருவர், கூலி வராததைப் பற்றி 2025 நவம்பரில் என்னிடம் வந்து சொன்னது. சனிக்கிழமைதோறும் டெய்லர்களுக்குச் சம்பளம் போட்டாக வேண்டும். நகை ஏற்கெனவே வங்கியில். வராத கூலிக்குப் பில் போட்டு, அடுத்த மாதம் 20-ம் தேதி 5 சதவீத ஜிஎஸ்டியையும் கையிலிருந்து கட்டியிருந்தார்.

பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் முன்பிருந்தே 16.5 சதவீத வரி உண்டு. 2025 ஏப்ரலில் தொடங்கிய கூடுதல் வரி ஆகஸ்ட் 27 அன்று 50 சதவீதமானது. 4 டாலர் சட்டைக்கு 66 சென்ட் கட்டிய இடத்தில் அப்போது 2 டாலர் 66 சென்ட். இதைக் கட்டுபவர் அங்கே இறக்குமதி செய்பவர்தான். ஆனால் அவர் இங்கே தள்ளுபடி கேட்கிறார். ஏற்றுமதியாளர் யாரிடம் பிடிப்பார்? நான் பார்த்தவரை, துணிக்குச் சாயம் போடும் டையிங்காரர் பணம் வராமல் துணியை விடமாட்டார். நூல் கடனையும் நீட்ட முடியாது. தைத்துக் கொடுத்துவிட்டவரின் கையில்தான் பிடித்து வைக்க எதுவும் இல்லை.

அவருக்குச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தொண்ணூறு நாள் என்று எழுதி வாங்கியிருந்தாலும் செல்லாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. வட்டியை விட வேகமாக வேலை செய்வது 2024 ஏப்ரல் 1-ல் நடப்புக்கு வந்த வருமான வரி விதி. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டி வைத்த பாக்கியை, கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். மார்ச் 31-ல் பாக்கி நின்றால் அந்தத் தொகைக்கும் சேர்த்து கம்பெனி வரி கட்ட வேண்டும்.

அக்காவிடம் உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இருந்தது, வங்கிக் கடனுக்காக எடுத்தது. பில்லில் அந்த எண் இல்லை. இவர் குறு நிறுவனம் என்பதே கம்பெனியின் ஆடிட்டருக்குத் தெரியாது. நம்மூரில் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான். பதிவு இல்லாதவர்கள் முதலில் அதைச் செய்துவிடுங்கள், கட்டணம் கிடையாது.

"லெட்டர் போட்டா ஆர்டர் நின்னு போயிடுமுங்களே?" என்றார். நியாயமான பயம். அந்த நாட்களில் ஆர்டரே குறைவு. அதனால் புகார் வேண்டாம் என்றேன். சான்றிதழ் நகலையும் பாக்கிப் பட்டியலையும் கணக்குப் பிரிவுக்கு மரியாதையாக ஒரு கடிதத்தோடு அனுப்பச் சொன்னேன். பாதிப் பணம் இரண்டு வாரத்தில் வந்தது. மீதி மார்ச் நெருங்கும்போது வரும் என்று எதிர்பார்த்தோம்.

அப்புறம், கெடு எண்ணத் தொடங்குவது கம்பெனி சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் மூட்டையை இறக்காதீர்கள்.