வெறுங்கால், பச்சைப் புல், மூன்றாவது பின்

பெங்களூரு கப்பன் பூங்காவுக்குக் காலை ஆறரை மணிக்குப் போனால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு புல்தரையில் நடப்பவர்களைப் பார்க்கலாம். தமிழ்க் குரல்களும் காதில் விழும். என்ன இது என்று கேட்டால் ‘எர்த்திங்’ என்பார்கள். பூமியில் எலக்ட்ரான்கள் ஏராளம். ரப்பர் செருப்பு அவற்றைத் தடுத்துவிடுகிறது. வெறுங்காலோடு நின்றால் அவை உடலில் ஏறி வலியைத் தணிக்கும், நல்ல தூக்கம் தரும் என்பது நம்பிக்கை. பூங்காவுக்குப் போக நேரமில்லாதவர்களுக்கு இணையத்தில் படுக்கை விரிப்பு விற்கிறார்கள். வெள்ளி இழை ஓடும் துணி, அதிலிருந்து நீளும் ஒரு கம்பி. அந்தக் கம்பியைச் சுவரிலுள்ள சாக்கெட்டின் எர்த் துளையில் செருகிவிட்டுப் படுக்க வேண்டும்.

புல்லில் நடப்பதைப் பற்றி எனக்கு எந்தக் கவலையும் இல்லை. சாக்கெட்டில் செருகும் அந்தக் கம்பிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பூமியின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது என்பது உண்மை. மொத்தம் சுமார் 5 லட்சம் கூலும் (கூலும் என்பது மின்னூட்டத்தின் அலகு). வானம் தெளிந்த நாளில் தரைக்கு அருகே மீட்டருக்கு ஏறக்குறைய 100 வோல்ட் வீதம் மின்னழுத்தம் ஏறுகிறது. காற்று மின்சாரத்தை மிகச் சிறிதளவு கடத்தும் என்பதால், உலகம் முழுவதையும் சேர்த்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் ஓயாமல் கசிந்துகொண்டிருக்கிறது. இந்தக் கணக்குப்படி பூமியின் மின்னூட்டம் பத்து நிமிடத்துக்குள் தீர்ந்துபோக வேண்டும். தீராமல் நிரப்புபவை இடிமேகங்கள் என்று 1920-களில் விளக்கியவர் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன். தரையில் விழும் மின்னல்களில் பெரும்பாலானவை எதிர்மின்னூட்டத்தையே கீழே இறக்குகின்றன. ஏப்ரல் மாலையில் பெங்களூரை உலுக்கும் கோடை இடிக்கும் அதில் பங்கு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் செய்திகளில் இது ஒன்று.

ஆனால் அதில் நமக்குக் கிடைப்பது எவ்வளவு? தரையில் ஒரு சதுர மீட்டருக்கு அதிகப்படியாக இருக்கும் எலக்ட்ரான்கள் சுமார் 550 கோடி. பெரிய எண்ணாகத் தோன்றும். உடலின் பக்கமிருந்தும் பார்ப்போம். மனித உடலின் மின்தேக்குத் திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன், ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்த உடலில் 100 வோல்ட் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வெறுங்காலைத் தரையில் வைத்ததும் இடம் மாறும் எலக்ட்ரான்கள் சுமார் 6,000 கோடி. உடலில் இருக்கும் செல்களோ ஏறத்தாழ 30 லட்சம் கோடி. ஏறத்தாழ ஐந்நூறு செல்லுக்கு ஓர் எலக்ட்ரான்தான் வந்து சேரும். இந்த இடமாற்றமும் ஆயிரத்தில் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். உடலும் தரையும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்த பிறகு எலக்ட்ரான் ஓடுவதற்குக் காரணமே இல்லை. ஒரு மணி நேரம் நின்றாலும் முதல் நொடியில் நடந்ததுதான் கணக்கு. உடலில் ஏறியிருந்தது எதிர்மின்னூட்டமாக இருந்தால், எலக்ட்ரான்கள் நம்மைவிட்டுத் தரைக்குப் போயிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உடலுக்குள் எலக்ட்ரான் ஓட்டம் இல்லாமல் இல்லை. ஓய்வாக உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறார். செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் ஒவ்வோர் ஆக்சிஜன் மூலக்கூறும் நான்கு எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. உடல் முழுவதும் கூட்டினால் இது சுமார் 70 ஆம்பியருக்குச் சமம். இரண்டு கிலோவாட் கீசர் இழுப்பது 9 ஆம்பியருக்கும் குறைவு. செல்லுக்குள் நடக்கும் இந்த ஓட்டத்தின் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரு வோல்ட்தான் என்பதால் நாம் எரிந்துபோகாமல் இருக்கிறோம். நாம் சாப்பிட்ட இட்லியிலிருந்து இந்த அளவு எலக்ட்ரான்கள் ஒவ்வொரு வினாடியும் ஓடிக்கொண்டிருக்கும் உடலில், புல்தரையிலிருந்து ஒரே ஒரு முறை வந்த 6,000 கோடி எந்த மூலைக்கு?

ஆய்வுகள் இருக்கின்றனவே என்று கேட்பார்கள். இருக்கின்றன. இந்தக் கருத்தை 1990-களின் இறுதியில் தொடங்கிவைத்தவர் அமெரிக்கக் கேபிள் டிவி தொழிலில் இருந்த கிளின்ட் ஓபர். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் 12 பேரை 8 வாரம் எர்த் செய்து தூங்கவைத்து, கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். எர்த் செய்யாமல் ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழு இல்லை. 2013-இல் வெளியான இரத்தப் பாகுநிலை ஆய்வில் பங்கேற்றவர்கள் 10 பேர். நேரம் 2 மணி. இத்துறையில் அதிகம் எழுதியவர்களில் சிலர், எர்த்திங் ஆய்வுக்குப் பணம் தரும் நிறுவனத்தில் தங்களுக்குப் பங்கு இருப்பதைக் கட்டுரையிலேயே தெரிவித்திருக்கிறார்கள். அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு, நல்ல தூக்கம் விரிப்பால் வந்ததா, வரும் என்ற நம்பிக்கையால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

விரிப்பு விற்பவர்கள் மல்டிமீட்டர் காட்டுவது வழக்கம். அதன் ஒரு முனையை எர்த்தில் வைத்து மறுமுனையை நீங்கள் பிடித்தால் இரண்டு மூன்று வோல்ட் காட்டும். விரிப்பில் கை வைத்ததும் சுழி. அந்த அளவீடு சரியானதே. சுவருக்குள் 230 வோல்ட் கம்பி ஓடுகிறது. அதற்கும் உங்கள் உடலுக்கும் இடையே சில பிக்கோஃபாரட் மின்தேக்கம் உண்டு. அதன் வழியே ஒரு மைக்ரோ ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மாறுமின்னோட்டம் வருகிறது. மீட்டரின் உள்தடை ஒரு கோடி ஓம். இரண்டையும் பெருக்கினால் அந்த மூன்று வோல்ட் வந்துவிடும். விரிப்பைத் தொட்டதும் மின்னழுத்தம் இறங்குகிறது. ஆனால் அந்த மின்னோட்டம் நிற்பதில்லை. இப்போது தடையில்லாமல் உங்கள் உடல் வழியாகவே தரைக்குப் போகிறது, முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக. மனிதர் உணரத் தொடங்கும் அளவு இதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல். ஆகவே தீங்கும் இல்லை, பயனும் இல்லை.

பெங்களூரில் இதைப் பரிசோதிக்க விரும்பும் ஆய்வாளருக்கு ஆட்கள் தயாராகவே இருக்கிறார்கள். செயற்கைக்கோள் பாகங்களையும் மின்னணுச் சுற்றுப்பலகைகளையும் கோக்கும் கூடங்களில் தொழிலாளர்கள் மணிக்கட்டில் பட்டை கட்டி, வேலைநேரம் முழுவதும் எர்த் செய்யப்பட்ட நிலையில் இருக்கிறார்கள். விரல் நுனியில் தேங்கும் நிலைமின்சாரம் சிப்பைச் சுட்டுவிடும் என்பதற்காக அந்த ஏற்பாடு. அந்தப் பட்டையின் வயருக்குள் பத்து லட்சம் ஓம் மின்தடை ஒன்றை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். தவறி 230 வோல்ட்டைத் தொட்டாலும் உடலில் ஓடுவது கால் மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். நிலைமின்சாரம் வடிய அந்தத் தடை ஒரு பொருட்டே இல்லை. லால்பாக் பூங்காவில் 300 கோடி ஆண்டுப் பழமையான ‘நைஸ்’ (gneiss) வகைப் பாறை மேல் வெறுங்காலோடு நின்றாலும் அது கண்ணிமைக்கும் நேரத்தில் வடிந்துவிடும்.

வீட்டு எர்த்தின் வேலை இதற்கு நேர்மாறானது. அதற்குத் தடை சில ஓம்களுக்குள் இருக்க வேண்டும். கீசரின் சூடேற்றும் தண்டு அரித்துப்போய் 230 வோல்ட் தொட்டிக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நனைந்த கையும் வெறுங்காலுமாக நிற்பவரின் உடல் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கியிருக்கும். அவர் உடலில் பாயக்கூடியது 230 மில்லி ஆம்பியர். பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகுவதற்கு 10 மில்லி ஆம்பியரே போதும். 230 இதயத்தை நிறுத்திவிடும். எர்த் கம்பி சரியாக இருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே மின்சாரம் அந்த வழியில் பாய்ந்துவிடும். பிளக்கின் மூன்றாவது பின் நீளமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்: செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும்.

எர்த் கம்பி மண்ணில் போய்ச் சேரும் குழி மட்டும் நன்றாக இருந்தாலும் போதாது. எர்த் பாதையின் தடை 5 ஓம் என்றால் பாயும் மின்னோட்டம் 46 ஆம்பியர். அந்த அளவுக்குக் கீசரின் 16 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானாக விழும் சுவிட்ச்) உடனே விழாது. பல வினாடிகள் எடுத்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் வினாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் விழுந்துவிடும்.

அல்சூரில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இந்த விரிப்பை வாங்கினார். செருகுவதற்கு முன்பு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னேன். வந்த பெரியவர் நூறு வாட் குண்டு பல்பிலிருந்து இரண்டு வயர் இழுத்த டெஸ்ட் லேம்ப்பை எடுத்தார். ஃபேஸிலும் நியூட்ரலிலும் வைத்தபோது பல்பு பளிச்சென்று எரிந்தது. நியூட்ரலிலிருந்து எடுத்து எர்த்தில் வைத்தார். இழை சிவக்கக்கூட இல்லை. போர்டைக் கழற்றினால், மூன்றாவது துளைக்குப் பின்னால் பச்சை வயர் ஒரு சாண் நீளத்தில் வெட்டப்பட்டு, நுனியில் கறுப்பு டேப் சுற்றிக் கிடந்தது. “அம்மா, இந்த வீட்டில் எர்த் பேருக்குத்தான் இருக்கிறது” என்றார். விரிப்பைப் பொறுத்தவரை, அப்படியே விட்டிருந்தாலும் அது பரவாயில்லை ரகம். சில இடங்களில் எர்த் பின்னையும் நியூட்ரலையும் போர்டுக்குள்ளேயே சேர்த்து முறுக்கிவிடுகிறார்கள். அங்கே வெளியே நியூட்ரல் அறுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறி வழியாக 230 வோல்ட் எர்த் துளைக்கு வந்துவிடும். அதில் விரிப்பைச் செருகிக்கொண்டு ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

எர்த் சரியாக இருந்தாலும் இன்னொன்று உண்டு. எலக்ட்ரீஷியன்கள் ரப்பர் செருப்போடு மரப்பலகை மேல் நின்று வேலை செய்வது, மின்சாரத்துக்குத் தங்கள் உடல் வழியாகத் தரைக்குப் போக வழி கிடைக்கக் கூடாது என்பதற்காக. எர்த் விரிப்பில் படுத்திருப்பவர் அந்த வழியை இரவு முழுவதும் திறந்து வைத்திருக்கிறார். மட்டமான சார்ஜரோ உரிந்த வயரோ கையில் பட்டால், மின்சாரம் தேடும் பாதை அவர்தான். சில விரிப்புகளின் வயரில் காப்புத் தடை வைக்கிறார்கள். உங்களுடையதில் இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

புல்லில் நடந்தால் நன்றாக இருக்கிறது என்பதில் பொய் ஏதும் இல்லை. உள்ளங்காலில் தொடு உணர்வு நரம்புமுனைகள் செறிந்திருக்கின்றன. பனி ஈரமும் குளிர்ச்சியும் அவற்றை எழுப்புகின்றன. செருப்புக்குள் சும்மா இருந்த சிறு தசைகள் மேடுபள்ளத்துக்கு ஈடுகொடுத்து வேலை செய்கின்றன. காலை வெளிச்சம் கண்ணில் பட்டு உடற்கடிகாரத்தைத் திருத்துவதால் இரவுத் தூக்கமும் சீராகிறது. நடை இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். விரிப்பில் இவற்றில் ஒன்றும் கிடையாது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் மட்டும் தயவுசெய்து வெறுங்காலோடு நடக்க வேண்டாம். முள் தைத்ததும் தெரியாது, வெயிலில் காய்ந்த கல் சுட்டதும் தெரியாது. இடி கேட்டால் எல்லோரும் புல்தரையை விட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

விரிப்புக்குச் செலவழிக்க வைத்திருக்கும் பணத்தில் எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் தடையை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மார்ச், ஏப்ரலில் அளப்பது நல்லது. பெங்களூரின் செம்மண் அப்போதுதான் காய்ந்து கிடக்கும். அடியில் பாறை இருக்கும் இடங்களில் தடை இன்னும் ஏறும். மழைக்காலத்தில் நல்ல எண் காட்டிய குழி கோடையில் கைவிடலாம். கரியும் உப்பும் போட்ட பழைய குழியென்றால் உப்பு கரைந்து போயிருக்கும், குழாய் துருப்பிடித்திருக்கும். மூடியைத் திறந்து பார்த்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆர்சிசிபி-யில் ‘T’ என்று குறித்த பொத்தானை அவ்வப்போது அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். அது விழுவதால் எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். அந்தப் பொத்தான் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலுள்ள ஒரு தடையை வைத்துக் கருவியை மட்டுமே சோதிக்கிறது. பச்சை வயர் அறுந்து கிடந்தாலும் அது விழும்.